துருப்பிடித்த புல்லட்டும் பாஸ்கல் விதியும்

உங்கள் தெருவில் எங்கேனும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கேட்பாரற்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரோரம் சாய்ந்திருக்கும். டயர்கள் தரையோடு அமுங்கியிருக்கும். பெட்ரோல் டாங்கின் மேல் கோழி உட்கார்ந்திருக்கும். "இது இனி ஓடாது, எடைக்குப் போட வேண்டியதுதான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட வண்டியின் உள்ளே உண்மையில் என்னதான் நடந்திருக்கிறது? அதை மீண்டும் ஓட வைக்க முடியுமா? இக்கேள்விகளுக்கு விடை காண, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே பெரும்பாலும் போதும். ஆனால் அதை எந்த இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இதை நான் சற்றுச் சிரமப்பட்டே கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக் கொட்டகையில் என் தாய்மாமனுடைய 350 சி.சி. புல்லட் பதினான்கு ஆண்டுகள் கிடந்தது. வயதாகிவிட்டதால் மாமா வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். "இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, போட்டுவிடு" என்றும் சொல்லிவிட்டார். பழைய இரும்புக் கடைக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். நான்தான் ஒரு மாதம் தவணை கேட்டேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற துணிச்சல்! அந்தத் துணிச்சல் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வண்டியின் பிறப்பு

முதலில் இந்த வண்டியைப் பற்றிச் சில செய்திகள். 'ராயல் என்ஃபீல்ட்' இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் தோன்றிய நிறுவனம். 1955-இல் அது மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ராணுவத்தினரும் காவல்துறையினரும் ஓட்டிய புல்லட்டுகள் அங்கிருந்துதான் வந்தன. பின்னர் இங்கிலாந்தில் புல்லட் தயாரிப்பு நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ அது தொடர்ந்தது. 1977-இல் நம் ஊரில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின!

இதன் எந்திரத்தில் ஒரே ஒரு சிலிண்டர். உள்விட்டம் 70 மி.மீ. அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் 90 மி.மீ. தூரம் ஓடுகிறது. ஓர் உருளையின் கன அளவைக் காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். விட்டத்தை 7 செ.மீ. என்றும், உயரத்தை 9 செ.மீ. என்றும் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 346 கன செ.மீ. என்று விடை வரும். இதைத்தான் முழு எண்ணாக '350 சி.சி.' என்கிறார்கள்.

பிஸ்டன் ஏன் இறுகியது?

கொட்டகையில் வண்டியின் கிக்கரை மிதித்துப் பார்த்தேன். கல்லின் மேல் காலை வைத்தது போல் இருந்தது. பிஸ்டன் அசையவில்லை.

காரணத்தைத் தேடியபோது ஓர் உண்மை தெரிந்தது. எப்போதோ யாரோ ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டவில்லை. அந்தத் துளை பதினான்கு மழைக்காலங்கள் திறந்தே கிடந்திருக்கிறது. ஈரக்காற்று அதன் வழியே சிலிண்டருக்குள் சென்றுகொண்டே இருந்திருக்கிறது.

இரும்பு, நீர், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்று படித்திருக்கிறீர்கள். துருவைப் பற்றி இன்னொரு செய்தியையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு கன செ.மீ. இரும்பு துருவாக மாறினால், அது அடைக்கும் இடம் இரண்டு கன செ.மீ.க்கும் அதிகம். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இருக்கும் இடைவெளியோ ஒரு தலைமுடியின் பருமன் அளவுதான். அந்த இடைவெளியில் துரு பருத்து வளர்ந்தால் என்ன ஆகும்? கதவிடுக்கில் ஆப்பு அடித்தது போல் பிஸ்டன் இறுகிவிடும். பழைய திருகாணிகள் கழல மறுப்பதற்கும் இதுவே காரணம்.

பிளக்கை மாட்டி வைத்து, அதற்கு முன் ஒரு தேக்கரண்டி எண்ணெயை உள்ளே விட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. எண்ணெய்ப் படலம் நீரையும் காற்றையும் இரும்பின் அருகே வரவிடாது.

நான் செய்த தவறு

இறுகிய பொருளைச் சூடு காட்டினால் இளகும் என்பது நம் வீட்டுப் பாடம். ஊறுகாய்ப் புட்டியின் தகர மூடி திறக்காவிட்டால் அதை வெந்நீரில் பிடிக்கிறோம் அல்லவா? கண்ணாடியைவிடத் தகரம் அதிகமாக விரிகிறது; மூடி கழன்று வருகிறது.

நானும் அதையே செய்தேன். பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெகு தூரத்தில் வைத்தேன். சிலிண்டரின் தலையைக் கழற்றினேன். ஊதுவிளக்கால் சிலிண்டரைச் சுற்றிலும் சூடாக்கினேன். உள்ளும் புறமும் ஒரே சீராகச் சூடாகட்டும் என்று பொறுமையாகக் காத்தும் இருந்தேன். பிறகு பிஸ்டனின் மேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். அசையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். குறி தவறிச் சுத்தியல் சிலிண்டரின் ஓரத்தில் விழுந்தது. வெப்பத்தைக் காற்றில் பரப்புவதற்காக அமைந்த இதழ்களில் ஒன்றின் முனை, ஒடிந்த பிஸ்கட்டைப் போலத் தெறித்துப் போயிற்று. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்!

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் முதியவரிடம் போய் நின்றேன். எல்லோரும் அவரை 'பாய்' என்றே அழைப்பார்கள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், உள்ளே இருக்கிறது அலுமினியம், வெளியே இருக்கிறது காஸ்ட் அயர்ன். சூடு பண்ணினா எது சார் அதிகமா விரியும்?"

எனக்கு முகம் வெளிறிவிட்டது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அலுமினியத்தின் நீள் விரிவுக் குணகம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.000023. வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ 0.000011. வெப்பநிலை 100 டிகிரி உயர்வதாகக் கொள்வோம். 70 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன்,

70 × 0.000023 × 100 = 0.161 மி.மீ.

விரியும். அதைச் சுற்றியுள்ள சிலிண்டரின் உள்விட்டமோ,

70 × 0.000011 × 100 = 0.077 மி.மீ.

மட்டுமே பெருகும். அதாவது, சிலிண்டரைவிடப் பிஸ்டன் 0.084 மி.மீ. கூடுதலாகப் பருத்துவிடுகிறது. இடைவெளியே தலைமுடி அளவுதான் என்று முன்பே சொன்னேன். நான் பொறுமையாகக் காத்திருந்து பிஸ்டனை இன்னும் இறுக்கியிருக்கிறேன்! இறுகிய வேளை பார்த்து அடித்தும் இருக்கிறேன்.

ஊறுகாய்ப் புட்டியில் அதிகம் விரியும் பொருள் வெளியே இருக்கிறது. இங்கே அது உள்ளே இருக்கிறது. விதி ஒன்றுதான், இடம்தான் மாறியது. கரும்பலகையில் பல ஆண்டுகளாக எழுதிப்போட்ட விதியை, கையில் சுத்தியல் இருந்தபோது நான் மறந்துவிட்டேன்.

அதே விதி வேறோர் இடத்தில் பெரிதும் உதவுகிறது. எந்திரத்தின் அடிக்கூடு அலுமினியக் கலவையால் ஆனது. அதனுள் பொருந்தியிருக்கும் பேரிங் எஃகினால் ஆனது. இங்கே கூட்டைச் சூடாக்கினால் வெளிப்புறம் அதிகமாக விரியும். பேரிங்கைச் சுத்தியல் இல்லாமலேயே எடுத்துவிடலாம்.

எண்ணெயும் கிரீஸும்

"பத்து நாள் ஊறட்டும், அவசரப்படாதீங்க" என்றார் பாய். மெல்லிய எண்ணெயுடன் மண்ணெண்ணெய் கலந்து பிஸ்டனின் மேல் ஊற்றி வைத்தோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதற்குக் காரணமான நுண்புழைக் கவர்ச்சிதான் இங்கும் வேலை செய்கிறது. துருவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பிளவுகள் உண்டு. நீரைவிட மண்ணெண்ணெயின் பரப்பு இழுவிசை குறைவு. அது உலோகத்தின் மேல் எளிதில் பரவி அப்பிளவுகளுக்குள் நுழைந்துவிடும். ஆனால் நுழைவதற்கு நாட்கள் ஆகும்.

பதினோராம் நாள் பாய் ஒரு விந்தையான கருவியுடன் வந்தார். பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிரீஸ் நிப்பிள் ஒன்றைப் பற்ற வைத்திருந்தார். சிலிண்டரின் தலையைத் திரும்ப மாட்டச் சொன்னார். வால்வுகளைத் தள்ளும் தண்டுகளை மட்டும் மாட்டவில்லை. அதனால் இரண்டு வால்வுகளும் சுருள்வில்லின் விசையால் மூடியே இருந்தன. பிளக் துளையில் தம் கருவியைத் திருகி, கிரீஸ் கன்னால் மெல்ல மெல்ல கிரீஸை உள்ளே செலுத்தினார்.

இதுதான் பாஸ்கல் விதி. மூடிய கலத்தில் உள்ள பாய்மத்தின் ஒரு புள்ளியில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல் கூறியது இது. பிஸ்டனின் மேற்பரப்பு ஏறத்தாழ 38.5 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் 30 கிலோ கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் ஏற்பட்டால், மொத்த விசை 38.5 × 30 = 1,155 கிலோ கிராம் எடைக்குச் சமம். ஒரு டன்னுக்கும் மேல்! சுத்தியலின் அடி ஓரிடத்தில், ஒரு நொடியில் விழுந்து பிஸ்டனைச் சாய்க்கப் பார்க்கும். கிரீஸின் விசையோ பரப்பு முழுவதும் சமமாக, நிதானமாக அழுத்தும்.

"காற்றை அடைத்து அழுத்தினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கூடவே கூடாது. காற்று அமுங்கும்போது சுருள்வில்லைப் போல ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. ஏதேனும் விட்டுக்கொடுத்தால் அந்த ஆற்றல் முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்பட்டு ஆளையே தாக்கும். கிரீஸ் ஏறக்குறைய அமுங்குவதே இல்லை. பிஸ்டன் சிறிது நகர்ந்த உடனே அழுத்தம் இறங்கிவிடும்.

அப்படியேதான் நடந்தது. இருபது முறை போல் அழுத்தியிருப்பார். உள்ளே 'டிக்' என்று ஒரு சிறு ஓசை. கிரீஸ் கன்னின் கைப்பிடி திடீரென்று இலேசாயிற்று. பாய் சிரித்தார்.

சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது சுவரில் துரு அரித்த குழிகள் இருந்தன. லேத் பட்டறையில் உள்விட்டத்தை 0.5 மி.மீ. கூட்டிக் கடைந்து, அதற்கேற்ற புதிய பிஸ்டன் போட்டோம். இப்போது எந்திரத்தின் கன அளவு என்ன? இது உங்களுக்கான கணக்கு.

ஊசித் துளையில் ஒரு பாடம்

அடுத்து கார்புரேட்டர். காற்று ஒரு குறுகிய வழியில் விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறையும் என்பது பெர்னூலியின் தத்துவம். அந்தக் குறைந்த அழுத்தத்தால் பெட்ரோல் சிறு துளை வழியே மேலெழுந்து காற்றுடன் கலக்கிறது. 'ஜெட்' எனப்படும் அந்தத் துளையில், பழைய பெட்ரோல் ஆவியானபின் மிஞ்சிய பிசின் அடைத்துக்கொண்டிருந்தது.

ஊசியால் குத்தி எடுக்கலாமே என்று தோன்றும். ஜெட் பித்தளையால் ஆனது. எஃகு ஊசி அதைச் சுரண்டிவிடும். 1 மி.மீ. துளை 1.1 மி.மீ. ஆனால், விட்டம் 10 சதவிகிதமே கூடுகிறது. ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பரப்பு 21 சதவிகிதம் கூடிவிடும்! பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் பாயும், புகை கக்கும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றை ஊதிச் சுத்தம் செய்வதே முறை.

டாங்கின் உட்புறத் துருவை நீக்க, கடையில் விற்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, வெந்நீரில் கரைத்து ஒரு நாள் ஊற்றி வைத்தோம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கும் அதே வேதியியல்தான் இது. அமிலம் உலோக ஆக்ஸைடைக் கரைக்கிறது. பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே உலர்த்திவிட வேண்டும். பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றினோம். இன்று நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எதனால் கலக்கப்படுகிறது. பழைய காலத்து ரப்பர் அதைத் தாங்காது.

முள் சொன்ன செய்தி

இனி மின்பொறி. மின்கலத்தின் 6 வோல்ட்டைக் கொண்டு காற்றில் பொறி பறக்க வைக்க முடியாது. 1 மி.மீ. காற்றிடைவெளியைத் தாண்டவே சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். அமுக்கப்பட்ட வாயுவில் இன்னும் அதிகம் வேண்டும். 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இங்கு கைகொடுக்கிறது. ஒரு கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால், அதன் காந்தப்புலம் சட்டென்று மறைகிறது. அதனுடன் சேர்த்துச் சுற்றிய பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட மற்றொரு சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் தோன்றுகிறது.

மின்னோட்டத்தைத் துண்டிப்பவை 'பாயின்ட்' எனப்படும் இரு சிறு உலோக முனைகள். அவற்றின் மேல் படிந்திருந்த ஆக்ஸைடு படலத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரியாக வைத்தோம்.

எல்லாம் மாட்டியாயிற்று. கிக்கரை உதைத்தேன். புஸ்ஸென்றது. மீண்டும் உதைத்தேன். எந்திரம் திருப்பி உதைத்தது! கணுக்கால் வலித்தது. திண்ணையில் உட்கார்ந்து இத்தனை நாளும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்தார்.

"மாப்பிள்ளை, காலைப் பார்க்காதே. முள்ளைப் பார்" என்றார்.

புல்லட்டின் முகப்பு விளக்குக்கு மேலே ஒரு சிறிய அம்மீட்டர் உண்டு. சாவியைத் திருப்பியவுடன், பாயின்ட் மூடியிருந்தால் சுருளின் வழியே மின்னோட்டம் செல்லும். முள் இடப்புறம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். பாயின்ட் திறந்துவிட்டது என்பது அதன் பொருள். பொறி பறக்க வேண்டிய நேரம் அது. அதாவது பிஸ்டன் அமுக்க வீச்சின் முடிவை நெருங்கிவிட்டது. உடனே கைப்பிடியில் உள்ள சிறு நெம்புகோலைப் பிடித்தால், சிலிண்டர் தலையில் ஒரு குட்டி வால்வு திறந்து அமுங்கிய வாயு வெளியேறும். இன்னும் சிறிது கிக்கரை அழுத்தினால் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். இப்போது நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழுமையாக உதைக்க வேண்டும். அடுத்த அமுக்க வீச்சு வருவதற்குள், உள்ளேயிருக்கும் கனத்த சக்கரம் போதிய இயக்க ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு அது திருப்பி உதைக்காது.

இரும்புச் சுவர்களுக்குள் ஒளிந்திருக்கும் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை ஓர் அம்மீட்டரின் முள் சொல்லிவிடுகிறது! மாமா இயற்பியல் படித்தவர் அல்லர். ஆனால் முப்பது ஆண்டுகள் அந்த முள்ளைப் பார்த்தவர். அவர் சொன்னபடியே செய்தேன். மூன்றாம் உதையில் வண்டி உயிர் பெற்றது. டப், டப், டப் என்ற அந்த ஒலியைக் கேட்டு மாமா சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பழைய இரும்புக் கடைக்காரரைப் பற்றி அதன்பின் அவர் பேசவே இல்லை.

ஓடினால் போதுமா?

போதாது. ஓடும் வண்டி நிற்கவும் வேண்டும். பழைய டயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பரைக் கெட்டிப்படுத்தி வெடிக்கச் செய்திருக்கும். அதை மாற்றியே ஆக வேண்டும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஊதித் துடைக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெட்ரோல் இருந்த டாங்கை, காலியாக இருக்கிறதே என்று எண்ணிப் பற்ற வைக்க முயலக்கூடாது. உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும். இவையெல்லாம் பெரியவர்கள் உடனிருந்து செய்ய வேண்டிய வேலைகள். சாலையில் ஓட்டுவதற்கு முன் வண்டியின் பதிவையும் காப்பீட்டையும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இல்லாமல் இருக்கலாம். பாட்டியின் தையல் இயந்திரமோ, தாத்தாவின் மிதிவண்டியோ மூலையில் கிடக்கும். அடுத்த விடுமுறையில் அதன் அருகே போய் உட்காருங்கள். அசையாத பகுதி எது, அது எந்த உலோகம், அதைச் சுற்றியிருப்பது எந்த உலோகம், நீர் எந்த வழியாகப் புகுந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சுத்தியலை அதற்குப் பிறகு எடுக்கலாம். பெரும்பாலும் எடுக்க வேண்டிய தேவையே இருக்காது.

எங்கள் புல்லட்டில் அந்த உடைந்த இதழை நான் ஒட்ட வைக்கவில்லை. மாணவர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.